அடுப்பு இருக்கும் இடம்

மலை என்று சொன்னால் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும். ஊருக்கு வடக்கே ஒரு மேடு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் உச்சியில், போரில் செத்துப்போன எங்கள் ஊர்க்காரர்களுக்காக நட்ட ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரில் பாதிப் பேர் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு அங்கே ஏறி இறங்குவார்கள். மறுநாள் என் கடைக்கு ரொட்டி வாங்க வந்து, என்னமோ வானத்தைத் தொட்டுவிட்டு வந்த மாதிரி அதைப் பற்றிப் பேசுவார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ரொட்டி சுடுகிறவன். வாரம் முழுக்க விடியும் முன்பே எழுந்து மாவோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது படுத்துக் கிடப்பதற்காகவே உண்டான நாள். அதைக் கொண்டுபோய் மேட்டில் ஏற்றுவதா?

ஆனால் அக்கா சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அக்காவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. தைப்பது இல்லை, தைத்து வந்ததைச் சரிபார்ப்பது. அவள் மேசையைத் தாண்டாமல் ஒரு சட்டையும் பெட்டிக்குள் போகாது. நாளெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவிடுவாளா என்ன? அத்தான் காலமான பிறகு கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். வீடு என்றால் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. வந்த அன்றே என் திரைச்சீலையில் பிரிந்திருந்த தையலைக் காட்டி, "இதை எவன் பாஸ் பண்ணினான்?" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவளும் ஒரு காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கைக்குழந்தைதான் இப்போது வளர்ந்து என் அடுப்படியில் நிற்கிறது. கடையில் எல்லாரும் அவளைத் தீக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படி, கோபமும் அப்படி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, "மாமா, நானும் வரேன்" என்று கீழே இறங்கி வந்தவள். இன்று மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்" என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். அவளிடம் கடையை விட்டுவிட்டு நான் காலை நீட்டலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்த நேரத்தில், ராணுவத்தில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றாள். சமையல் பிரிவில்.

வீடு வீடாக இல்லை. அக்கா கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவள் வாயே திறக்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்து போவாள். தீக்குச்சி ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அம்மா வேணாம்னா நான் போகமாட்டேன். மனசுக்குள்ள திட்டிக்கிட்டே சரின்னு சொன்னாலும் போகமாட்டேன்." சொன்னபடி நடக்கிற பெண். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அப்புறம் ஒரு நாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பா" என்றாள். எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளை அது. எனக்கு மனசு கரைந்துவிட்டது. போதாக்குறைக்கு, ராணுவத்துக்கே ரொட்டி சுட என்னிடம் கற்றவள் போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அன்று மாலையே அக்காவை உட்கார வைத்துப் பேசினேன்.

"அக்கா, நல்லா யோசிச்சுப் பாரு. ரொட்டி சுடத் தெரிஞ்சவளை எங்க வைப்பாங்க? அடுப்பு இருக்கற இடத்துல. அடுப்பைக் கொண்டுபோய் எவனாவது சண்டை நடக்கற இடத்துல வைப்பானா? கதவைத் திறந்து காத்து அடிச்சாலே மாவு கெட்டுப்போகுது. சமையல்காரங்க எப்பவும் பின்னாடி, பத்திரமா இருப்பாங்க. ராணுவத்துலேயே ஆபத்தில்லாத வேலை அதுதான்."

"நிச்சயமாத் தெரியுமாடா உனக்கு?"

"எனக்குத் தெரியாத அடுப்பா?"

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம் "சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'யை வைத்துக்கொண்டுதான் தீக்குச்சி தேர்வுக்குப் போனாள். ஓட்டத்தில் தேற வேண்டும் என்பதற்காகக் காலை ரொட்டி இறங்கியதும் தினமும் மலையில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தாள். தேறியும்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ரயில்.

அதற்கு முந்தின சனிக்கிழமை சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "நாளைக்கு மூணு பேரும் மலைக்குப் போறோம்."

"மலை எதுக்கும்மா? ஆத்துப் பக்கம் போகலாம். நல்லா நிழலா இருக்கும்" என்றாள் தீக்குச்சி.

"நீ தினமும் எங்க ஓடினேன்னு நான் பாக்க வேணாமா?"

"மேல ஒண்ணுமே இல்லம்மா. ஒரு கல்லுதான்."

"கல்லையும் பாக்கறேன்."

தீக்குச்சி என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. அவளுக்கு அலுப்பாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு நான் உதவிக்குப் போனேன். "அக்கா, என் முட்டி…"

"உன் முட்டியைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வா."

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் மலையடிவாரத்தில் நின்றோம். அக்கா தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே செருப்பில் வந்திருந்தாள். தோளில் ஒரு பை. அதில் ரொட்டி, ஆரஞ்சு, தண்ணீர். நான் வாங்கி நெடுநாளாகப் பெட்டியிலேயே கிடந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். மூன்று பேரும் சேர்ந்து வெளியே கிளம்புவதே எங்களுக்கு அதிசயம்.

பாதை நல்ல பாதைதான், நான் சும்மா குறை சொல்லக்கூடாது. முதலில் சரளை, பிறகு மர வேர்களே படிக்கட்டாகக் கிடக்கிற ஓர் ஏற்றம், அதைத் தாண்டினால் வளைந்து வளைந்து போகிற மண்தடம். காலை வெயில் இலைகளுக்கு நடுவில் சாந்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், மண் வாசனை இன்னும் போகவில்லை. தீக்குச்சி முன்னால் போய்ப் போய் எங்களுக்காக நின்றாள். பழகின இடம் என்பது அவள் கால் வைப்பதிலேயே தெரிந்தது. எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று பார்க்காமலே மிதித்தாள்.

"இந்த இடத்துல ஒரு நாள் விழுந்தேம்மா. முழங்கை பேந்துடுச்சு" என்று காட்டினாள்.

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேன்" என்று அசடு வழிந்தாள்.

"பாத்தியாடா, எப்படிப் புளுகியிருக்கா!" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். ஆனால் கோபமே இல்லை. நெடுநாளைக்கு அப்புறம் அவள் முகம் இளகியிருந்தது. அவளுக்கு இந்த நடை பிடித்திருந்தது. நடுவில் நின்று ஒரு மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தாள். பெயர் தெரியாத ஒரு பறவை கத்தியதும் மகளைப் பார்த்து, "இதையெல்லாம் கேட்டுக்கிட்டா ஓடுவே?" என்று கேட்டாள்.

எனக்குத்தான் நாக்கு வெளியே தள்ளியது. எதிரே இறங்கி வந்த ஒருத்தர் — என் கடையில் வாரம் தவறாமல் ரொட்டி வாங்குகிற தபால்காரர்தான் — என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, "அட, நீங்களா! இன்னும் கொஞ்சம்தான்" என்றார். மலை ஏறுகிறவர்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான். இன்னும் கொஞ்சம் என்பான்; கொஞ்சம் போனால் இன்னொருத்தன் வந்து அதையே சொல்வான். திங்கட்கிழமை வரட்டும், இவருக்கு நேற்றைய ரொட்டிதான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

"மாமா, கையைக் குடுங்க, இழுக்கறேன்."

"நான் என்ன மாவு மூட்டையா?"

"மூட்டைன்னா தூக்கித் தோள்ல போட்டுடுவேன். நீங்க அதைவிடக் கனம்."

அக்கா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, இந்தப் பெண் போனபிறகும் வீடு எப்படியோ ஓடிவிடும் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

உச்சியில் மரங்கள் இல்லை. தட்டையான புல்தரை, சுற்றிலும் தாழ்வாக ஒரு சங்கிலி, நடுவில் அந்தக் கல். ஆளைவிடச் சற்று உயரமாக, இரண்டு கதவு அகலத்தில் ஒரு கருங்கல் பலகை. கீழே உட்காரத் தோதாக ஒரு மேடை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தபோது அந்த மேடையில் ஏறிக் குதித்தது ஞாபகம் இருக்கிறது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்? கீழே எங்கள் ஊர் முழுவதும் தெரிந்தது. தொழிற்சாலையின் நீளக் கூரை, ரயில் பாதை, எங்கள் தெரு. என் கடையின் புகைபோக்கியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். இன்றைக்கு அதில் புகை இல்லை.

அக்கா பையை மேடையில் வைத்துவிட்டுக் கல்லைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்தப் பக்கம்தான் காற்று வரும், வேர்வை ஆறட்டும் என்று போகிறாள் என்று நினைத்தேன். நான் கல்லில் ஒரு கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டே, வேறு வேலை இல்லாமல் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சின்ன எழுத்தில் வயதும், படையில் பார்த்த வேலையும். காலாட்படை. காலாட்படை. பீரங்கி. வண்டி ஓட்டுநர். காலாட்படை. குதிரை பராமரிப்பவர். செவிலி. இத்தனை விதமான வேலையா என்று யோசித்தபடியே கீழ் வரிசைக்கு வந்தேன்.

இருபத்திரண்டு வயது. சமையல்காரர்.

இரண்டாவது தடவை படித்தேன். எழுத்து மாறவில்லை. எனக்குத் தெரியாத அடுப்பா என்று நான் மார்தட்டியது எனக்கே கேட்டது. அக்கா இப்போது இந்தப் பக்கம் வருவாள். வந்தால் ஒரு எழுத்து விடாமல் படிப்பாள். அவள் கொடுத்த 'சரி' என் வார்த்தையின்மேல் நிற்கிறது. என் வார்த்தையோ இந்தக் கல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் திருப்பி வாங்கிக்கொண்டால் இந்தப் பெண் போகமாட்டாள். ஓடின ஓட்டமெல்லாம் வீண்.

யோசிக்க நேரமில்லை. சட்டென்று மேடையில் உட்கார்ந்து, முதுகை அந்தப் பெயர்மேல் சாய்த்துக்கொண்டேன்.

தீக்குச்சி ஓடி வந்தாள். நான் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தாழ்ந்த குரலில், "நகராதீங்க மாமா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தினமும் இங்கதான் வந்து நிப்பேன். தெரியாம இருக்குமா?"

"ஏன்டி, தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தே?"

"சொல்லியிருந்தா நீங்க அம்மாகிட்ட பேசியிருப்பீங்களா?"

பேசியிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. இந்தச் சுண்டைக்காய் என்னை எப்படி அளந்து வைத்திருக்கிறது! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படக்கூட நகர முடியாத நிலைமை எனக்கு.

"சரி, விடு. நான் எழுந்திருக்கமாட்டேன். கால் மரத்துப்போச்சுன்னு சொல்லிக்கறேன். உங்கம்மா இந்த ஒண்ணைப் பாக்காம இருந்தா போதும்."

தீக்குச்சி விரலால் மேடையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"பின்பக்கத்துலயும் ரெண்டு சமையல்காரங்க இருக்காங்க மாமா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழிற்சாலையில் எந்தச் சட்டை வந்தாலும் அக்கா முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிடுவாள். முன்பக்கத்தை எல்லாரும் ஒழுங்காகத்தான் தைப்பார்கள், பின்னால் பார்த்தால்தான் லட்சணம் தெரியும் என்பாள். காற்று வாங்கவா போனாள்! கல்லையும் பின்பக்கத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். போய் இவ்வளவு நேரம் ஆகிறது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

காற்றில் சங்கிலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் எதையெல்லாமோ யோசித்தேன். அது பழைய காலத்துப் போர், இப்போது அப்படி இல்லை என்று சொல்லலாமா? அந்த இரண்டு பேரும் காய்ச்சலில் செத்திருப்பார்கள் என்று சொல்லலாமா? எதைச் சொன்னாலும் அவள் அதையும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள்.

அக்கா சுற்றிக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேடையில் இருந்த பையைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். ஆரஞ்சை உரித்தாள். தோலைக் கீழே போடாமல் பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். நான் ரொட்டியை மென்றேன், மென்றேன், தொண்டைக்குள் இறங்கவில்லை. நானே சுட்ட ரொட்டி.

"வசதியா உக்காந்திருக்கியா?" என்று கேட்டாள்.

"கால் மரத்துப்போச்சுக்கா."

"எழுந்திருடா. வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் பாசி ஒட்டியிருக்கும். பின்னாடி ரெண்டு பேரைப் பாத்துட்டேன். மூணாவது ஆளை மறைச்சு என்ன ஆகப்போகுது?"

எழுந்தேன். வேறு என்ன செய்வது? அவள் குனிந்து, நான் மறைத்திருந்ததைப் படித்தாள். வயதையும் படித்தாள். படிக்கும்போது அவள் உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பு இருக்கற இடத்துக்குச் சண்டை வராதுன்னு சொன்னே."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. நான் நம்பித்தான் சொன்னேன்."

"தெரியாததை ஏன்டா தெரிஞ்ச மாதிரி சொன்னே? நான் அதைக் கேட்டுட்டுத்தானே தினமும் படுத்துத் தூங்கினேன்?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் எல்லாச் சண்டையும் முடியும். இது அப்படி முடிகிற சண்டை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில், ஊரே தெரிகிற ஓர் இடத்தில், என் அக்கா முன்னால் தலை குனிந்து நின்றேன்.

தீக்குச்சி எழுந்து நடுவில் வந்தாள். "மாமாவைத் திட்டாதேம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகலம்மா. விடு. நாளைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடலாம்."

சொல்லிவிட்டாள். ஆனால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அழாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாளே, அதே முகம்.

"நான் உன்னைப் போக வேணாம்னு சொன்னேனா?" என்றாள் அக்கா.

"இல்ல… ஆனா…"

"சரின்னு சொன்னேன். அது இவன் சொன்ன கதைக்கு நான் சொன்ன சரி. அந்தக் கதை போச்சு. அதனால அந்தச் சரியும் செல்லாது." கல்லை ஒரு முறை பார்த்தாள். "இப்ப எனக்கு எல்லாம் தெரியும். உனக்கும் தெரியும். இப்ப கேளு."

"என்னம்மா கேக்க?"

"முதல்ல என்ன கேட்டியோ அதை. அப்ப இவனைத் தூது விட்டே. இப்ப நீயே கேளு."

ஓயாமல் பேசுகிற பெண் அது. அடுப்படியில் அவள் வாயை மூட வைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். இப்போது உதட்டைத் திறக்கிறாள், மூடுகிறாள், ஒரு வார்த்தை வரவில்லை. அவளுக்குப் பதிலாக நானே கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் இந்த முறை நான் நடுவில் புகக்கூடாது என்கிற அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

"பயமா இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு. முதல் தடவை இதைப் பாத்த அன்னிக்குப் பாதி படிச்சதுமே இறங்கி ஓடிட்டேன். கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரல. ஆத்தங்கரையில ஓடினேன்."

"அப்புறம் ஏன் திரும்ப வந்தே?"

"தெரியலம்மா. அவங்களைப் பாக்காம போனா ஏமாத்திட்டுப் போற மாதிரி இருந்துச்சு."

"யாரை?"

"என்னையேதான்."

அக்கா தலையாட்டினாள். "எதுக்குப் போகணும்னு இருக்கு? நல்லதா நாலு வார்த்தை சொல்லு பாக்கலாம்."

நாடு, கடமை என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். தேர்வில் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"நல்லதா சொல்ல ஒண்ணும் இல்லம்மா. மாமா கடை, மேல வீடு, மறுபடி கடை. எனக்கு இது பிடிக்கும். பிடிக்காம இல்ல. ஆனா நான் இதை மட்டுமே பாத்துட்டுக் கிழவி ஆயிடுவேனோன்னு இருக்கு. ஒரு ஊருக்கே சமைக்கற அளவு பெரிய அடுப்பு முன்னால நிக்கணும். பசியோட வரிசையில நிக்கறவங்களுக்குப் போடணும். அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலம்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, தாயை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நான் போகட்டுமாம்மா?"

அக்கா கீழே ஊரைப் பார்த்தாள். இரண்டு பேர் ஏறி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, எதுவோ சரியில்லை என்று தெரிந்துகொண்டு தள்ளிப் போய் நின்றார்கள். எனக்கு அந்த நேரத்தில் உண்மையாக என்ன வேண்டியிருந்தது தெரியுமா? அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பிள்ளைக்காக நானே வாதாடியவன், மனம் மாறிவிட்டேன். அந்த இருபத்திரண்டு வயதுக்காரனைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"போயிட்டு வா" என்றாள் அக்கா.

முதல் தடவை சொன்ன 'சரி' மாதிரி இல்லை இது. அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது, சொல்லி முடித்ததும் அவள் மேடையில் கையை ஊன்றிக்கொண்டதில் தெரிந்தது.

தீக்குச்சி அப்படியே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, "வந்துடுவேம்மா. நிச்சயமா வந்துடுவேன், எனக்கு ஒண்ணும்…" என்று ஆரம்பித்தாள்.

அக்கா தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்டி. அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேணாம். நான் சொன்னதை நீ வச்சுக்கோ, போதும்."

தீக்குச்சி அந்தக் கைக்குள்ளேயே தலையை ஆட்டினாள். அவள் கண்ணீர் அக்காவின் விரல்களில் வழிந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. நான் ஊர்ப் பக்கம் திரும்பி நின்று, வெட்கம் பார்க்காமல் அழுதேன்.